சொன்ன விலை

தராசுக்காரர் தம் ஆயுளில் யோசிக்காமல் பேசிய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலேயே விலை கூடியது, கார் ஷோரூமின் நடுக்கூடத்தில் நின்று, ஐந்தாறு பேர் காதில் விழும்படி அவர் சொன்னது.

"நமக்குள்ள என்ன சம்பந்தி பேரம்? நீங்க சொல்றதுதான் விலை."

சொன்னதும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. எதிரே நின்றவர் அந்த ஷோரூமின் விற்பனை மேலாளர், சம்பந்தியாகப் போகிறவர். மூன்று மாதத்தில் அவர் மகனுக்கும் இவர் மகளுக்கும் கல்யாணம். இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசி வாக்குக் கொடுத்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஐந்து குறை, பத்து குறை என்று நிற்பதா? மேலாளர் சிரித்தபடி அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். சுற்றியிருந்த விற்பனையாளர்களும் மரியாதையாகச் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். தராசுக்காரரின் மகள். காரை வாங்குகிறவளும் அவள்தான்.

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது வேலை. அந்த வேலையில் இருந்த ஒருவர் கடையில் நின்று "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று சொன்னால் அதற்குப் பேரம் என்று பெயரில்லை, கைநீட்டுவது என்று பெயர். கடைக்காரன் குறைக்க மாட்டான்; பையை நிரப்பிச் சும்மாவே அனுப்புவான். அடுத்த முறை போகும்போது தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஈயத் துண்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் வரவேண்டியிருக்கும். ஆகவே அவர் எந்தக் கடையிலும், எந்தப் பொருளுக்கும், சொன்ன விலையை மறுத்துப் பேசியதில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் முதுகெலும்புபோல் உள்ளேயே நின்றுவிட்டது. தம் வீட்டில் யாரும் பேரம் பேசுவதில்லை என்பது அவருக்கு ஒரு பட்டயம்.

"இவரோட கடைக்குப் போறதும் ஒண்ணு, பணப்பையைத் தொலைக்கிறதும் ஒண்ணு" என்பாள் அவர் மனைவி. அவள் காய்கறி வாங்கப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்புவாள்.

மகள் இயன்முறை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் என்று ஒரு நாளைக்கு எட்டு வீடுகளுக்குப் போய் நடக்கவைக்கிறவள். மடக்குக் கட்டிலையும் மின்தூண்டல் பெட்டியையும் இத்தனை நாள் ஸ்கூட்டரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற ஓட்டம் அது. அதற்குப் பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடுகிற ஹைப்ரிட்தான் கட்டுப்படியாகும் என்று அவளே கணக்குப் போட்டு முடிவு செய்தாள். முழு மின்சார வண்டியை மூன்றாவது மாடிக் குடித்தனத்தில் வைத்துக்கொண்டு எங்கே சார்ஜ் ஏற்றுவது? நாலு வருடச் சேமிப்பு அவள் கையில் இருந்தது.

அன்று ஷோரூமில் அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். மேலாளர் அங்கேயே கொட்டேஷன் அடிக்கச் சொல்லி, தாமே கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டுக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து இருபத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம். தராசுக்காரர் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து, கை கழுவி, சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதங்களை அருகருகே விரித்தாள்.

"இது உங்க சம்பந்தி கடை. இது ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற ஷோரூம். ஒரே கம்பெனி, ஒரே வண்டி, கலர்கூட ஒண்ணுதான். படிங்கப்பா."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எவ்வளவு வித்தியாசம்?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணு அறுபது."

"ஆயிரத்து அறுநூறா?"

"லட்சம்மா. ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

மகள் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். "கையாளும் கட்டணம் பதினெட்டாயிரம். எதைக் கையாள்றாங்க? நான் நாள் முழுக்க மனுஷங்க முதுகைக் கையாள்றேன், நான் என்ன வாங்கறேன்னு உங்களுக்குத் தெரியும். பெயின்ட் மேல பூச்சு இருபத்தாறாயிரம். பேட்டரிக்குக் கூடுதல் வாரண்டி நாப்பத்தோராயிரம். இது மூணுமே அந்தக் கடையில இல்ல. அதுக்கு மேல அவங்க வண்டி விலையிலேயே எழுபத்தஞ்சாயிரம் குறைச்சாங்க. நான் பத்து நிமிஷம்கூடப் பேசல."

"சம்பந்தி ஏமாத்தறார்னு சொல்றியா?"

"அப்படிச் சொல்லலப்பா. கேளுங்கன்னு சொல்றேன்."

"வாக்குக் குடுத்துட்டேன். அத்தனை பேர் முன்னாடி."

"வாக்கு உங்களுது. பர்ஸ் என்னுது. உங்க கௌரவத்துக்கு நான் எதுக்குப்பா வரி கட்டணும்?"

அவர் முகம் சிவந்தது. அம்மா ஈரக் கையோடு வந்து நடுவில் நின்றாள். "ஏண்டி, அப்பாகிட்டப் பேசற பேச்சா இது? வேற கடையில வாங்கினா மட்டும் நல்லா இருக்குமா? அந்த வண்டி நாளைக்கு அவங்க வாசல்லதான் நிக்கப்போகுது. பின்னாடிக் கண்ணாடியில அந்தக் கடை பேரு ஒட்டியிருக்கும். தினம் காலையில அவர் அதைப் பார்த்துக்கிட்டே ஆபீஸ் போகணும்."

"அதனாலதான் கேட்கச் சொல்றேன்."

"அப்ப நீயே கேளேன்," என்றார் அவர்.

"அன்னிக்கே கேட்டிருப்பேன், நீங்க விட்டாத்தானே? இப்ப நான் போய்க் கேட்டா, அப்பா பேச்சை மகள் மதிக்கலைன்னு ஆயிடும். நீங்க விட்ட வார்த்தையை நீங்கதான் திருப்பி வாங்கணும்." சற்று நிறுத்தினாள். அடுத்துப் பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "அப்பா, எனக்கு இது காசு மட்டும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி, காசு என் கையில இருக்கும்போதே, அந்த வீட்டுல ஒரு கேள்வி கேட்க முடியலைன்னா, உள்ள போனப்புறம் நான் என்னத்தைக் கேட்பேன்? சனிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். நீங்க கேட்டுட்டு வந்தா சரி. இல்லைன்னா வண்டியைப் பத்தி மட்டும் யோசிக்க மாட்டேன். இந்தச் சம்பந்தத்தைப் பத்தியும் யோசிப்பேன்."

காகிதங்களை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

தராசுக்காரருக்கு இரண்டு நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை. கல்யாணம் நின்றால் ஊர் என்ன பேசும் என்பதை அவர் நினைக்காமல் இல்லை. அதைவிட, எதனால் நின்றது என்று பேசும் என்பதுதான் அவரைக் குடைந்தது. கார் விலையில் தகராறாம். பேரம் படியவில்லையாம். அவருடைய குடும்பத்தைப் பற்றி, பேரம் என்ற சொல்லை வைத்து!

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வங்கியில் அவர் பெயரில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. அதை உடைத்து அந்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை அவரே ஷோரூமில் கட்டிவிடுவார். மகளுக்குக் காட்ட, குறைந்த விலை போட்ட ஒரு கொட்டேஷனை வாங்கிவந்துவிடுவார். சம்பந்திக்கு அவர் சொன்ன விலை கிடைத்துவிடும். மகளுக்கு அவள் கேட்ட விலை கிடைத்துவிடும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு அவருக்கு அவ்வளவு நேர்த்தியாகத் தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம், மனைவியிடம்கூடச் சொல்லாமல், இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கிளம்பினார்.

மேலாளர் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் போனார். நினைத்தபடியே கண்ணாடி அறை காலியாக இருந்தது. முன்மேசையில் ஒரு விற்பனைப் பெண்மணி இருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அன்று கொட்டேஷனைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

"வாங்க சார். மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு. உட்காருங்க."

"அவர் வேண்டாம். உங்ககிட்டதான் ஒரு சின்ன வேலை."

நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். அவள் பாதியிலேயே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு பேப்பரா சார்?"

"ஒண்ணு கடைக்கு. ஒண்ணு வீட்டுக்கு."

"வீட்டுக்குக் காட்டறது பொய்ப் பேப்பர்."

அந்தப் பார்வையை அவர் நன்றாக அறிவார். முப்பத்தொரு வருடம் அதே பார்வையை எத்தனையோ கடைக்காரர்கள்மேல் அவரே வீசியிருக்கிறார். சில கடைகளில் இரண்டு ஜோடிப் படிக்கற்கள் இருக்கும். ஆய்வாளர் வந்தால் மேசைமேல் வைக்க ஒன்று. மற்ற நாளில் வியாபாரத்துக்கு ஒன்று, சாக்குத் துணிக்கு அடியில். கடைக்காரன் கண் எந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பாடுபடுகிறதோ, அந்தப் பக்கம்தான் இரண்டாவது ஜோடி இருக்கும். இப்போது தம்முடைய கண் மேசைமேல் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் உணர்ந்தார்.

"அப்படிப் போட எங்களால முடியாது சார்," என்றாள் அவள். பிறகு, இரக்கமோ அலுப்போ, குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "எதுக்கு சார் இத்தனை சுத்து? வந்து கேட்டா குறைப்போம். வர்றவங்க எல்லாருமே கேட்கறாங்க. கேட்காதவங்களுக்கு நாங்களாக் குறைக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. பதினோரு வருஷமா இங்க இருக்கேன். போட்ட விலைக்கு அப்படியே வாங்கிட்டுப் போன ஆளை நான் பார்த்ததில்ல. உங்க ஃபைல் வந்தப்ப நாங்க ரெண்டு தடவை சரிபார்த்தோம்."

"எதை?"

"தள்ளுபடின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல சைபர் போட்டிருந்தது. தப்பா அடிச்சுட்டேனோன்னு பயந்துட்டேன்."

தராசுக்காரர் எழுந்தார். போய்விடலாம் என்றுதான் எழுந்தார். வாசலில் மேலாளர் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் குச்சியை எறிந்துவிட்டு விரைந்து வந்தார்.

"அடடே, சம்பந்தி! ஃபோன் பண்ணியிருந்தா காரை அனுப்பியிருப்பேனே! உள்ள வாங்க, உள்ள வாங்க."

கண்ணாடி அறைக்குள் இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே கூடத்தில் புது வண்டிகள் பளபளத்தன. உள்ளே குளிர்சாதனத்தின் இரைச்சல். மேலாளர் கல்யாண வேலைகளைப் பற்றிப் பேசினார். சாப்பாட்டுக்கு எத்தனை பேர், அழைப்பிதழில் யார் பெயர் முதலில். தராசுக்காரர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, மேசைமேல் விரித்து, மடிப்புகளை விரலால் நீவினார்.

பேரம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு கேட்டு எவ்வளவுக்கு இறங்குவது, எப்போது எழுந்து போவதுபோல் நடிப்பது, எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சோதனை போடுவது ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கவும் வரவில்லை. எழுந்து நின்றுகொண்டார்.

"இந்தப் பதினெட்டாயிரம் எதுக்கு?"

மேலாளருக்கு முதலில் புரியவில்லை. "எது சம்பந்தி?"

"கையாளும் கட்டணம்னு போட்டிருக்கு."

"அது... கிடங்குலேர்ந்து வண்டியை இங்க கொண்டு வர்றது."

"வண்டியைக் கடைக்குக் கொண்டு வராம எப்படி விப்பீங்க?"

மேலாளர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்தப் பூச்சு?"

"மழை வெயில் தாங்கும். வேண்டாம்னா எடுத்துடலாம்."

"பேட்டரிக்குக் கூடுதல் வாரண்டி. எட்டு வருஷத்துக்குக் கம்பெனியே பொறுப்புன்னு அன்னிக்கு நீங்க குடுத்த புத்தகத்துலேயே அச்சடிச்சிருக்கு. பக்கம் பதினாலு. அப்புறம் இது எதுக்கு?"

"எல்லாருக்கும் போடறதுதான் சம்பந்தி அது."

"எல்லாரும் கட்டறாங்களா?"

மேலாளர் காகிதத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "கேட்டா எடுத்துடுவோம்," என்றார்.

"இப்ப கேட்கறேன்."

வெளியே முன்மேசைப் பெண்மணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மற்ற விற்பனையாளர்களும் பார்த்தார்கள். கண்ணாடி அறையில் சத்தம் கேட்காது. ஒருவர் உட்கார்ந்திருப்பதும் ஒருவர் எதிரே நிற்பதும் மட்டும் நன்றாகத் தெரியும்.

"உட்காருங்க சம்பந்தி. எல்லாரும் பார்க்கறாங்க."

"தள்ளுபடிக் கட்டத்துல சைபர் போட்டிருக்கீங்களாமே?"

அதைக் கேட்டதும் மேலாளரின் முகம் வேறாகிவிட்டது. சம்பந்தியின் முகம் போய், அகப்பட்டுக்கொண்ட மனிதனின் முகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது தராசுக்காரருக்குச் சந்தோஷமாக இல்லை.

"நீங்களாச் சொன்னீங்க," என்றார் மேலாளர். "நானா கேட்டேன்? இத்தனை பேர் முன்னாடி, நான் சொல்றதுதான் விலைன்னீங்க. மூணு மாசமா இங்க ஒவ்வொரு வண்டியும் அடிமாட்டு விலைக்குப் போகுது. முதலாளியோட பையன்தான் இப்ப எல்லாம் பார்க்கறான். என் வயசுல பாதி. போன மாசம் எல்லாரையும் நிக்க வெச்சு என்னைக் கேட்டான், ஒரு வண்டியாவது முழு விலைக்கு விக்கத் தெரியுமா உங்களுக்குன்னு. இந்த மாசமும் இல்லைன்னா இந்த அறை வேற ஆளுக்கு. நான் வெளிய, அந்த மேசையில." கண்ணாடி வழியே விரலைக் காட்டினார். "அப்பதான் நீங்க வந்தீங்க."

"அது என் பொண்ணு காசுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நாளைக்கு என் வீட்டுக்கு வர்ற பொண்ணுதானே, பின்னாடி எப்படியாவது சரிக்கட்டிடலாம்னு நினைச்சேன்."

"எப்படி?"

மேலாளர் மேசைமேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்று வரிகளை அடித்தார். வண்டி விலையைச் சுழித்து, பக்கத்தில் ஐம்பதாயிரம் குறைத்து எழுதினார். தராசுக்காரர் உறைக்குள் இருந்த இன்னொரு கடையின் காகிதத்தை எடுத்து அதன் அருகில் வைத்தார். அதை வைக்கும்போது அவர் வேறு எங்கோ பார்த்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, ஐம்பதை அடித்து எழுபத்தைந்து என்று திருத்தினார். கையெழுத்துப் போட்டார்.

"இருபத்து மூணு இருபது. போதுமா?"

"நியாயமா இருந்தா போதும்."

"நியாயம்!" மேலாளர் பேனாவை மூடினார். "சரி. ஒண்ணே ஒண்ணு. நான் இங்க பட்டதை என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க பொண்ணுகிட்ட சொன்னா அவன் காதுக்குப் போயிடும். அவன் என்னை ரொம்பப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அப்பா இல்லைன்னா அந்தக் கடையே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

தராசுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். மேலாளர் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது முழு வழியும் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது. விலை குறைந்துவிட்டது. மகளிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் போதும். கேட்டேன், குறைத்தார் என்று சொன்னால் போதும். அது பொய்யுமல்ல. இன்னொரு மனிதனின் மானத்தை மறைத்து வைப்பது மரியாதைதானே? அவருக்கு அப்படி ஒரு நிலை வந்திருந்தால் அவரும் அதைத்தானே வேண்டியிருப்பார்? ஆனால் மகள் கேட்டிருந்தது விலையை அல்ல. அந்த வீட்டில் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். அதற்குப் பாதி பதிலைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்று, முதலில் அவர் வாங்கப் போன பொய்க் காகிதத்தைக் கொடுப்பதும் ஒன்று.

நாலு மணிக்கு மகள் இரண்டு வீட்டுக்கு நடுவே தேநீர் குடிக்க வந்தாள். மடக்குக் கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினால் அப்பா மேசையருகே நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா நிக்கறீங்க? உட்காருங்களேன்."

அவர் நின்றபடியே சொன்னார். இரண்டு காகிதம் கேட்டதிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடத்தில் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, வைப்புத்தொகையா! அது கல்யாணச் செலவுக்குன்னு வெச்சதுங்க!" அவர் நிறுத்தவில்லை. பதினெட்டாயிரம், பூச்சு, பேட்டரி, சைபர், முதலாளியின் பையன், வெளி மேசை, கடைசியில் சம்பந்தி சொல்ல வேண்டாம் என்று கேட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

மகள் விலையைப் பார்க்கவில்லை.

"சொல்லாதீங்கன்னு கேட்டிருக்காரு. நீங்க சொல்லிட்டீங்க."

"ஆமா."

"ஏன்பா?"

"நீ கேட்டிருந்தே."

அவள் தேநீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "முழு விலைக்கு ஒரு வண்டி வேணும்னு என்கிட்ட நேராச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல. குடுத்திருப்பேனோ என்னவோ. அவங்க வீட்டுலயும் யாரும் யாரையும் கேட்க மாட்டாங்க போல."

"இப்ப என்னடி செய்யப்போற?" என்றாள் அம்மா. "விட்டுடு. விலை குறைஞ்சுடுச்சு, கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். எதுவும் தெரியாத மாதிரி இருந்துடு."

"எத்தனை வருஷத்துக்கும்மா?"

மகள் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனாள். தராசுக்காரர் தடுக்க நினைத்தார். கை எழவில்லை.

"மாமா, நான்தான் பேசறேன்... ஆமா, அப்பா வந்துட்டாரு... பேப்பர் குடுத்தாரு. விலை சரி மாமா, இந்த விலைக்குத்தான் வாங்குவேன், அதுல மாத்தம் இல்ல... ஆமா. அதையும் சொல்லிட்டாரு." அவள் சற்று நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "கோபமெல்லாம் இல்ல மாமா. கோபம் இருந்ததுன்னா ஃபோன் பண்ணியிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. உங்க பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே. நான் சொன்னா அது கோள் சொல்ற மாதிரி இருக்கும். சொல்லாம இருந்தா, கல்யாணமான முதல் நாள்லேர்ந்து அவர்கிட்ட மறைச்சுக்கிட்டே இருக்கணும். அது என்னால ஆகாது மாமா. அப்படி இருக்கணும்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்."

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ துவைத்த துணியை உதறிக் காயப்போடும் சத்தம் கேட்டது. மகள் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றாள். பிறகு அதை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். "உங்ககிட்டக் குடுக்கச் சொல்றாரு."

அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஷோரூமின் இரைச்சல். யாரோ யாருக்கோ புது வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டீங்க," என்றார் மேலாளர்.

"சொல்லமாட்டேன்னு நான் வாக்குக் குடுக்கல சம்பந்தி."

"ஆமா. குடுக்கல." ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது; இரைச்சல் அடங்கியது. "இனிமே உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லக் கூடாது போலிருக்கு."

அது வேடிக்கையா கோபமா என்று தராசுக்காரருக்குப் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார். எதற்கு என்று தெரியாமல் கேட்க வரவில்லை.

"பையன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவான்," என்றார் மேலாளர்.

"சரி."

"வந்ததும் காலைக் கழுவிட்டு நேரா என் பக்கத்துல வந்து உட்காருவான். இன்னிக்கு எத்தனை வண்டிப்பான்னு கேட்பான். தினமும் கேட்பான்." "நான் எங்கேர்ந்து சம்பந்தி ஆரம்பிக்கறது?"

தராசுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் மடக்குக் கட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பாமல் நின்றிருந்தாள்.

"எனக்கும் தெரியல," என்றார். "நான் நின்னுக்கிட்டேதான் சொன்னேன். உட்கார முடியல."

சுவரில் மணி நாலே முக்கால். இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.